‘ஸ்ட்ராங்கான’ கம்பி எது? தகைவு, திரிபு, முறிவு: ஒரு முழுமையான வழிகாட்டி

எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் ஓரம் நெளியும். பீங்கான் தட்டு விழுந்தால் துடைப்பம் தேட வேண்டியதுதான். இத்தனைக்கும் எவர்சில்வரில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரே கோடு போட்டுவிடும், பீங்கானில் போடாது. இரண்டில் எது ‘ஸ்ட்ராங்’?

இந்த ஒரு சொல்லைக் கடைக்காரரும் சொல்கிறார், மேஸ்திரியும் சொல்கிறார், வீடு கட்டுபவரும் சொல்கிறார். அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இவ்வளவு பாரத்துக்கு இது எவ்வளவு நீளும்? எந்தப் பாரத்தைத் தாண்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது? அறுவதற்கு முன்னால் எவ்வளவு தூரம் இழுபடும்? முதலாவது விறைப்பு, இரண்டாவது வலிமை, மூன்றாவது இழுபடும் தன்மை. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று எந்த விதியும் கிடையாது. பல நேரங்களில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் கல்லூரியில் மதிப்பெண்ணும் போகிறது, கட்டடத்தில் காசும் போகிறது.

வழித்துணைக்கு ஒரு பொருள் வேண்டும். வீட்டு வேலைக்கு வாங்கும் 12 மி.மீ. டி.எம்.டி. கம்பியை எடுத்துக்கொள்வோம். கடைசிப் படியில் அந்தக் கம்பிக்கு ஆய்வகம் தரும் சோதனை அறிக்கையை நாமே வாசித்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

ஒரு சொல் குறிப்பு: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தகைவு’, ‘திரிபு’ என்று இருப்பதை இலங்கைப் பாடநூல்களில் ‘தகைப்பு’, ‘விகாரம்’ என்று படித்திருப்பீர்கள். நான் முதல் இரண்டையே எழுதுகிறேன்.

படி 1: பாரத்தைப் பரப்பால் வகுங்கள்

தலையில் தண்ணீர்க் குடம் வைப்பவர்கள் முதலில் சும்மாடு சுற்றிக்கொள்வார்கள். சும்மாடு வைத்ததால் குடத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனால் அந்த எடை அதிகப் பரப்பில் பரவுகிறது, தலை வலிப்பதில்லை. பொருள்களுக்கும் அப்படித்தான். மொத்தம் எத்தனை கிலோ என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எவ்வளவு விசை வருகிறது என்பதே பொருட்டு. அதுதான் தகைவு: விசை ÷ குறுக்குவெட்டுப் பரப்பு.

கட்டட வேலையில் இதை நியூட்டன்/சதுர மி.மீ. என்ற அலகில் சொல்வார்கள். மெகாபாஸ்கல் என்பதும் இதே அளவுதான், பெயர்தான் வேறு. ஒரு கிலோ எடையின் விசை 9.81 நியூட்டன், அவசரக் கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கம்பியின் விட்டம் 12 மி.மீ. பரப்பு 3.1416 × 12 × 12 ÷ 4, அதாவது 113.1 சதுர மி.மீ. இதில் ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால் தகைவு 9810 ÷ 113.1 = 87 நியூட்டன்/சதுர மி.மீ. கம்பியில் ‘எஃப்.இ. 500’ என்று குறித்திருந்தால் அந்த 500 இதே அலகில் உள்ள எண். அதாவது ஏறத்தாழ 56,500 நியூட்டன், ஐந்தே முக்கால் டன். அதுவரை இழுத்தால்தான் அந்தக் கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்க வேண்டும். ஒரு விரல் தடிமன் கம்பியில் நான்கைந்து கார்களைத் தொங்கவிடலாம் என்பது முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

படி 2: நீட்சியை நீளத்தால் வகுங்கள்

ஒரு கம்பி 3 மி.மீ. நீண்டது என்று சொன்னால் அது அரைகுறைத் தகவல். 12 மீட்டர் கம்பி 3 மி.மீ. நீண்டால் ஒன்றுமே ஆகவில்லை என்று பொருள். 10 செ.மீ. துண்டு 3 மி.மீ. நீண்டால் அது எல்லை கடந்துவிட்டது. ஆகவே நீட்சியை மூல நீளத்தால் வகுக்கிறோம். அதுதான் திரிபு. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அலகு கிடையாது. 12 மீட்டரில் 3 மி.மீ. என்பது 0.00025, 10 செ.மீ.யில் 3 மி.மீ. என்பது 0.03. நூற்றிருபது மடங்கு வேறுபாடு.

இந்த இரண்டு வகுத்தலும் எதற்காக? தகைவும் திரிபும் வந்துவிட்டால் கம்பி தடியா ஒல்லியா, நீளமா குட்டையா என்பதெல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். மிஞ்சுவது பொருளின் சொந்தக் குணம் மட்டும்.

படி 3: விறைப்பை அளந்து பாருங்கள்

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676-இல் ஒரு கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். யாரும் திருடிவிடக் கூடாது, தான்தான் முதலில் கண்டதாகவும் பதிவாக வேண்டும் என்ற கவலை. இரண்டு ஆண்டுகள் கழித்து விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. பாரத்தை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும், பாரத்தை எடுத்தால் பொருள் பழைய நீளத்துக்கு வரும். தாமஸ் யங் 1807-இல் பேசிய குணகம்தான் இன்று யங் குணகம் என்று பெயர் பெற்றிருக்கிறது: தகைவு ÷ திரிபு.

மனத்தில் வைக்க நான்கு எண்கள் போதும். எஃகுக்கு 2,00,000 நியூட்டன்/சதுர மி.மீ., செம்புக்கு ஏறத்தாழ 1,20,000, அலுமினியத்துக்கு 70,000. எம்20 தரக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் சூத்திரத்தின்படி சுமார் 22,400.

ஒரு கணக்கு. 3 மீட்டர் நீளம், 1 மி.மீ. விட்டம் உள்ள எஃகுக் கம்பியில் 10 கிலோ தொங்குகிறது. பரப்பு 0.785 சதுர மி.மீ., விசை 98.1 நியூட்டன், தகைவு 125. அதை 2,00,000-ஆல் வகுத்தால் திரிபு 0.000625. மூன்று மீட்டரோடு பெருக்கினால் நீட்சி 1.9 மி.மீ. இதே அளவு செம்புக் கம்பிக்கு 3.1 மி.மீ., அலுமினியத்துக்கு 5.4 மி.மீ.

சரி, இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் மென்மையான அலுமினியக் கம்பியில் இதைச் செய்து பார்த்தால் 5.4 மி.மீ.யோடு நிற்காது. அது 125-க்கு வெகு முன்பே மீட்சி எல்லையை, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய எல்லையை, தாண்டி, இழுபட ஆரம்பித்துவிடும். காய்ச்சி மென்மையாக்கிய செம்பும் அப்படித்தான். சூத்திரம் எந்த எண்ணைக் கொடுத்தாலும் பெருக்கி வகுத்து விடை தந்துவிடும், கம்பி இன்னும் மீட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று அது கேட்காது. கேட்க வேண்டியது நாம். தேர்வுத்தாள்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஆண்டுக்கணக்காக விடை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம், பலருக்கு வியப்பாக இருக்கும். எஃப்.இ. 415, எஃப்.இ. 500, எஃப்.இ. 550 என்று எந்தத் தரத்துக் கம்பி வாங்கினாலும் யங் குணகம் அதே 2,00,000-தான். 550 கம்பி போட்டால் தளம் குறைவாகத் தொய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலிமை மாறியிருக்கிறது, விறைப்பு மாறவில்லை. விறைப்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பிலிருந்து வருவது. கொஞ்சம் கார்பனைக் கூட்டிக் குறைப்பதாலோ தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பதாலோ அது பெரிதாக மாறாது.

நீளும்போது கம்பி பக்கவாட்டில் ஒல்லியாகவும் ஆகும். அந்தப் பக்கவாட்டுத் திரிபுக்கும் நீளவாட்டுத் திரிபுக்கும் உள்ள விகிதம் பாய்சான் விகிதம். எஃகுக்கு 0.3, ரப்பருக்கு கிட்டத்தட்ட 0.5, புட்டி மூடும் தக்கைக்கு ஏறத்தாழ சுழியம். தக்கையை அழுத்தினாலும் அது பக்கவாட்டில் உப்பாது, அதனால்தான் புட்டியின் வாயில் சுலபமாக இறங்குகிறது. ரப்பரில் அந்த வேலை நடக்காது.

படி 4: அறும்வரை இழுங்கள்

இதுதான் முக்கியமான படி. பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்தவர்களுக்கு யூ.டி.எம். என்ற பெரிய இழுவை இயந்திரம் நினைவிருக்கும். இரண்டு தாடைகள் கம்பியின் இரு முனைகளையும் கவ்விப் பிடிக்கும், ஒன்று மெல்ல விலகும். நாங்கள் முதல் முறை கம்பி இழுத்த நாளில் வகுப்பே பேசிக்கொண்டுதான் இருந்தது. கம்பி அறுந்தபோது வெடி போட்டது போல் வந்த சத்தத்தில் அத்தனை பேரும் ஒரு அடி பின்வாங்கினோம். அப்புறம் அறுந்த முனையைத் தொட்ட நண்பன் கையை உதறினான். சூடு.

முதலில் சாதாரண மென் எஃகுக் கம்பியை எடுத்துக்கொள்வோம், அதன் நடத்தை ஒளிவுமறைவில்லாதது. தகைவை நிலைக்குத்தாகவும் திரிபைக் கிடையாகவும் குறித்தால் வரைபடம் இப்படிப் போகும்.

தொடக்கத்தில் செங்குத்தான நேர்கோடு. இது ஹூக்கின் பகுதி. தகைவு 250-ஐத் தொடும்போது திரிபு வெறும் 0.00125, அதாவது ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மி.மீ. கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது.

பிறகு திடீரென்று கம்பி இளகும். பாரம் ஏறாமலே நீளம் ஏறும். இயந்திரத்தின் முள் ஒரே இடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும். இதைத்தான் ‘யீல்டு’ என்கிறோம். உருக்காலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கம்பியானால், மேலே ஒட்டியிருக்கும் கருஞ்செதில் இந்த நேரத்தில் பொரிந்து உதிரும். செதில் நீளாது, அடியில் உள்ள எஃகு நீளும். கருவி எதுவும் இல்லாமல் யீல்டைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கொஞ்ச தூரம் இப்படி ஓடியபின் கம்பி மறுபடி இறுகும், பாரம் மீண்டும் ஏறும், 410 அளவில் உச்சம் தொடும். அதுவரை கம்பி முழு நீளத்திலும் சீராகத்தான் மெலிந்துகொண்டு வந்திருக்கும். உச்சத்துக்குப் பிறகு ஏதோ ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியதுபோல் கழுத்து விழும். இனி நீட்சி எல்லாம் அந்தக் கழுத்தில்தான். பாரம் இறங்கும், கடைசியில் அறும். அறுந்த முகங்களில் ஒன்று கிண்ணம் போலவும் மற்றது அதில் பொருந்தும் கூம்பு போலவும் இருக்கும்.

வரைபடம் கடைசியில் இறங்குவதைப் பார்த்து எஃகு பலவீனமாகிவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படியில்லை. நாம் பாரத்தை மூலப் பரப்பால் வகுத்துக்கொண்டிருக்கிறோம். கழுத்தில் பரப்பு சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய பரப்பால் வகுத்தால் தகைவு கடைசிவரை ஏறிக்கொண்டேதான் போகும்.

இப்போது பாதி வழியில், யீல்டைத் தாண்டிய பிறகு, பாரத்தை இறக்குங்கள். வந்த வழியே திரும்பாது. ஆரம்ப நேர்கோட்டுக்கு இணையாக ஒரு கோட்டில் கீழே இறங்கும். மீட்சிப் பங்கு மட்டும் திரும்பும், மிச்சம் நிரந்தரம். கம்பி வளைக்கும் தொழிலாளி 90 பாகைக்கு வளைக்க வேண்டிய இடத்தில் ஒரு துளி கூடுதலாக வளைத்துவிட்டு விடுவார், கம்பி சற்று விரிந்து சரியான கோணத்தில் வந்து நிற்கும். அவர் எந்த வரைபடத்தையும் பார்த்ததில்லை, ஆனால் அந்த இணைகோடு அவர் கையில் இருக்கிறது.

டி.எம்.டி. கம்பியிலும் முறுக்கப்பட்ட கம்பியிலும் யீல்டு இவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். கோடு மெல்ல வளைந்து போகும். அப்போது திரிபு அச்சில் 0.002 என்ற புள்ளியிலிருந்து ஆரம்பக் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போட்டு, அது வளைகோட்டை வெட்டும் தகைவை எடுத்துக்கொள்வார்கள். இதுதான் அறிக்கைகளில் வரும் ‘0.2 சதவீதப் புரூஃப் ஸ்ட்ரெஸ்’.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நிரந்தரமாக உருமாறுவது என்றால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்குவது. அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் சறுக்க எவ்வளவு தகைவு வேண்டும் என்று 1926-இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் ஃபிரெங்கல் கணக்கிட்டார். உண்மையில் தூய உலோகப் படிகங்கள் சறுக்கும் தகைவைவிட அந்த விடை ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிதாக வந்தது. அப்படியென்றால் நிஜ உலோகம் ஏன் இவ்வளவு எளிதில் இணங்குகிறது?

1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி என்ற ஆய்வாளர்கள் மூவரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். கூடத்தில் விரித்த பெரிய பவானி ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும். முழுதாக இழுத்தால் வராது. ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமுக்காளமே நகர்ந்திருக்கும். படிகத்திலும் அப்படி ஒரு மடிப்பு இருக்கிறது, அணுவரிசை பாதியில் நின்றுபோன ஒரு கோட்டுக் குறை. யீல்டு என்பது இந்தக் குறைகள் கூட்டமாக நகரத் தொடங்கும் தருணம்.

இதைப் புரிந்துகொண்டால் பட்டறைச் சங்கதிகள் பல ஒன்றாகச் சேர்ந்துவிடும். குறைகள் நகர்ந்து நகர்ந்து பெருகி, ஒன்றோடொன்று முட்டிச் சிக்கிக்கொள்ளும். இனி நகர்த்தக் கூடுதல் தகைவு வேண்டும். நகை செய்யும் ஆசாரி தங்கக் கம்பியைத் துளைத் தகட்டில் இழுத்து மெல்லியதாக்கும்போது அது இறுகிக்கொண்டே வருவதும், நடுவில் நெருப்பில் காய்ச்சியதும் மறுபடி இளகுவதும் இதனால்தான். வெப்பம் சிக்கலைப் பிரித்துவிடுகிறது. கம்பி கட்டப் பயன்படும் கட்டுக்கம்பி அவ்வளவு இளகலாக இருப்பது அது காய்ச்சி ஆறவைக்கப்பட்டதால். கொக்கி போட்டு முறுக்கும்போது ஒரு சுற்று கூடிவிட்டால் படக்கென்று அறுவது, இழுபடும் தன்மையை அந்த முறுக்கிலேயே செலவழித்துவிட்டதால்.

டி.எம்.டி. வருவதற்கு முன் வீடுகளில் போட்ட ‘முறுக்குக் கம்பி’யும் இதே தந்திரம்தான். மென் எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கி, யீல்டைத் தாண்டவைத்து, இறுகச் செய்து விற்றார்கள். வலிமை ஏறியது, இழுபடும் தன்மை இறங்கியது. இன்றைய டி.எம்.டி. கம்பியை யாரும் முறுக்குவதில்லை, ஆனாலும் ஊரில் இன்னும் பலர் முறுக்குக் கம்பி என்றுதான் கேட்கிறார்கள். டி.எம்.டி.யில் நடப்பது வேறு. கடைசி உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளிவரும் கம்பியின் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். மேல்தோல் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும், உள்ளிருக்கும் சூடு வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்தும், நடுப்பகுதி மெல்ல ஆறி இளகலாகவே இருக்கும். கெட்டித் தோல், இளகிய நடு: அதனால்தான் வலிமையும் வளைவும் ஒரே கம்பியில் ஓரளவு சேர்ந்து கிடைக்கின்றன.

படி 6: இழுவையா அழுத்தமா என்று பிரித்துப் பாருங்கள்

எம்20 கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்து 150 மி.மீ. கனச்சதுரக் கட்டி 20 நியூட்டன்/சதுர மி.மீ. அழுத்தம் தாங்க வேண்டும். ஒரு கட்டிக்கு 45 டன். அதையே இழுத்தால் பத்தில் ஒரு பங்கு அளவில் பிளந்துவிடும். கல், செங்கல், வார்ப்பிரும்பு எல்லாம் இதே சாதி.

உத்தரம் வளையும்போது இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து நடுவில் அழுத்துங்கள். மேல்முகம் நசுங்குகிறது, அடிமுகம் இழுபடுகிறது, நடுவில் எங்கோ ஓர் அடுக்கில் இரண்டும் இல்லை. இப்போது அதையே பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி அழுத்துங்கள். அசையாது. அகலம் 30 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்றால் நிமிர்ந்து நிற்கும்போது அது நூறு மடங்கு விறைப்பு. பொருள் அதேதான், எடையும் அதேதான்.

கம்பியை இழுவை வரும் பக்கத்தில் போட வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. இரு பக்கமும் தாங்கிய உத்தரத்துக்கு அடியில். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு? அங்கே தலைகீழ், இழுவை மேல்பக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சென்ட்ரிங் பிரித்த மறுநாளே சன்ஷேடு சுவரோரம் மேல்பக்கத்தில் நீளவாக்கில் வாய் பிளந்தது. உடைத்துப் பார்த்தால் கம்பி எல்லாம் அடியில். மேலே கட்டியிருந்த கம்பியைக் கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அமுக்கியிருக்கிறார்கள். காசு குறையவில்லை, கம்பி குறையவில்லை, நாலு அங்குலம்தான் இடம் மாறியது.

சரி, கம்பியை அதிகமாகப் போட்டால் நல்லதுதானே? இல்லை. கான்கிரீட் 0.0035 அளவு திரிபில் நொறுங்கிவிடும், அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. கம்பி அளவோடு இருந்தால் முதலில் கம்பி யீல்டாகும், உத்தரம் தொய்யும், விரிசல் தெரியும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். கம்பி மிதமிஞ்சிப் போனால் அது யீல்டாகாமல் விறைத்துக்கொண்டு நிற்க, கான்கிரீட் ஒரே நொடியில் நொறுங்கும். கான்கிரீட் நொறுங்குவதற்கு முன் கம்பி யீல்டாகும்படியே பொறியாளர்கள் வடிவமைப்பது இதனால்தான்.

சறுக்குத் தகைவு என்று இன்னொன்று உண்டு. கத்தரிக்கோல் செய்வது அது. உத்தரங்களில் சுற்றிச் சுற்றிக் கட்டும் ஸ்டிரப் வளையங்கள் அதற்கானவை, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

படி 7: வெட்டு, ஓட்டை, கூர்மூலைகளைத் தேடுங்கள்

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். கத்தரியால் ஓரத்தில் அரை அங்குலம் ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்துப் பரக்கென்று ஓர் இழுப்பு. அந்த வெட்டு இல்லாமல் கிழிக்கச் சொன்னால் பயில்வானாலும் திணறுவார்.

தகைவு தண்ணீர்போல் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓட்டை இருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஓட்டையின் விளிம்பில் நெருக்கடி. அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டு இழுத்தால் துளை விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. துளை எவ்வளவு சிறியதானாலும் அந்த மூன்று மாறாது. துளை குறுக்குவாட்டில் நீண்டு முனை கூராகக் கூர்மையாகப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறும். இங்கிலிஸ் என்ற பொறியாளர் 1913-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அப்படியானால் எல்லாப் பொருளும் எப்போதோ உடைந்திருக்க வேண்டுமே? இழுபடும் பொருளில் அந்த விளிம்பு மட்டும் யீல்டாகி, கூர்மை மழுங்கி, பாரத்தைப் பக்கத்துக்குப் பகிர்ந்துகொள்ளும். எவர்சில்வர் தட்டு பிழைப்பது இப்படி. பீங்கானுக்கு அந்த வசதி கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும்.

எஃகுக்கே அந்த வசதி குளிரில் போய்விடுவதுண்டு. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் துறையில் அசையாமல் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் நடுவில் இரண்டாக விரிந்தது. குளிரில் அந்த எஃகு இழுபடும் குணத்தை இழந்து, பீங்கான்போல் நடந்துகொள்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் எடுத்துக்காட்டினார்.

படி 8: காலத்தையும் வெப்பத்தையும் கேளுங்கள்

இதுவரை பார்த்தது ஒரே முறை இழுத்தால் என்ன ஆகும் என்பது. பல்லாயிரம் முறை இழுத்துவிட்டால் கதை வேறு. இருசக்கர வண்டியின் கிளட்ச் ஒயர் ஒரு நாளும் ஒரேயடியாக அறாது. கைப்பிடி ஓரத்தில், வளையும் இடத்தில், ஒவ்வொரு இழையாக அறுந்து கடைசி இழையில் காலைவாரும். யீல்டுக்குக் கீழேயே இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும் தகைவு விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறப்பதும் இறங்குவதும்போல் உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உண்மையான பறத்தலையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 சுற்றில் உடல்தகடு கிழிந்தது, சாளரத் திறப்பின் மூலையிலிருந்து. படி 7-உம் படி 8-உம் கைகோத்துக்கொண்டால் அப்படித்தான்.

அசையாத பாரமும் சும்மா இருப்பதில்லை. துணி காயப்போடும் நைலான் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சில வாரங்களில் தொய்ந்துவிடும். இதுதான் தவழ்வு. உலோகங்களில் உருகுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது வரும். ஈயம் 600 கெல்வினில் உருகும், நம் அறை 300 கெல்வின், ஆகவே சாதாரண அறையிலேயே ஈயம் பாதி வழியில் இருக்கிறது, தன் எடையாலேயே தொய்யும். கான்கிரீட்டும் தவழும், இளசாக இருக்கும்போது அதிகம். ஐ.எஸ். 456 தரும் தவழ்வுக் குணகம் (பாரம் ஏற்றியதும் வரும் மீட்சித் திரிபைப்போல் எத்தனை மடங்கு தவழும் என்ற எண்) 7 நாளில் பாரம் ஏற்றினால் 2.2, 28 நாளில் ஏற்றினால் 1.6. சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரித்த தளம் ஆண்டுகள் கழித்தும் கூடுதலாகத் தொய்வது இதனால்.

வெப்பம் இன்னொரு வேடிக்கை செய்யும். சுதந்திரமாகக் கிடக்கும் கம்பி வெயிலில் நீளும், அங்கே திரிபு உண்டு, தகைவு இல்லை. நீண்ட தொடர் தண்டவாளத்தை நீளவிடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள், அங்கே நீட்சி இல்லை, தகைவு உண்டு. ஒரு பாகைக்கு 2.4 நியூட்டன்/சதுர மி.மீ. என்று வைத்து, 30 பாகை ஏறினால் 72. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் பரப்பு ஏறத்தாழ 7,690 சதுர மி.மீ., ஆக ஒவ்வொரு தண்டவாளத்திலும் 56 டன் அழுத்தம். ஜல்லி சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் பாதை பாம்புபோல் நெளிவதில் என்ன வியப்பு?

படி 9: சோதனை அறிக்கையை வாசியுங்கள்

இப்போது நம் 12 மி.மீ. கம்பிக்கு வருவோம். எஃப்.இ. 500டி (‘டி’ என்பது கூடுதல் இழுபடும் தன்மைக்கான குறி) என்று சொல்லி விற்ற இரண்டு கம்பிகள், அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதலில் எடை. ஒரு மீட்டர் துண்டை நிறுத்தால் இரண்டுமே 0.870 கிலோ. விட்டத்தை மி.மீ.யில் வர்க்கித்து 162-ஆல் வகுத்தால் இருக்க வேண்டிய எடை வரும்: 144 ÷ 162 = 0.889. இரண்டு சதவீதம் குறைவு, ஐ.எஸ். 1786 இந்த அளவுக்கு அனுமதிப்பதற்குள்தான் இருக்கிறது. கம்பியில் முட்டு முட்டாக இருப்பதால் விட்டத்தை அளவுகோலால் எடுக்காமல் எடையிலிருந்தே பரப்பைக் கணக்கிட வேண்டும்: 0.870 ÷ 0.00785 = 110.8 சதுர மி.மீ.

அடுத்து யீல்டு. கம்பி அ 58,200 நியூட்டனில், கம்பி ஆ 64,000 நியூட்டனில். தகைவு முறையே 525, 578. 500-க்குக் குறையக் கூடாது என்பது விதி, இரண்டும் தாண்டிவிட்டன.

பிறகு உச்சப் பாரம். அ 68,500, ஆ 68,000. தகைவு 618, 614. குறைந்தது 565 வேண்டும், இரண்டுக்கும் இருக்கிறது.

இதுவரை கேட்டால் ஆ-தான் சிறந்தது என்று கடைக்காரர் சொல்வார். யீல்டு பத்து சதவீதம் கூடுதல் அல்லவா? இப்போது மிச்சமுள்ள இரண்டு வரிகளைப் படியுங்கள்.

500டி கம்பிக்கு உச்சத் தகைவு, அந்தக் கம்பியின் சொந்த யீல்டு தகைவைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும். அ: 618 ÷ 525 = 1.18. ஆ: 614 ÷ 578 = 1.06. விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நீளத்தில், அதாவது 60 மி.மீ. குறியில், அறுந்தபின் நீட்சி குறைந்தது 16 சதவீதம் இருக்க வேண்டும். அறுந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளந்தால் அ 71.2 மி.மீ., அதாவது 18.7 சதவீதம். ஆ 66.9 மி.மீ., 11.5 சதவீதம்.

ஆ தோற்றது. நிலநடுக்கத்தில் உத்தரம் தூணோடு சேரும் இடத்தில் கம்பி யீல்டாகும். யீல்டுக்கும் உச்சத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், யீல்டான இடம் இறுகி, பாரத்தைப் பக்கத்து நீளத்துக்குத் தள்ளும். ஒரு முழம் கம்பி சேர்ந்து இழுபடும். இடைவெளி இல்லாத கம்பியில் முதல் விரிசல் விழுந்த அந்த ஒரு விரற்கடை மட்டுமே இழுபட்டு, கழுத்து விழுந்து, அறும். திருப்பி அனுப்ப வேண்டிய லாரி ஆ வந்த லாரி.